புள்ளியியல் மென்பொருள்களில் விளக்கப்படம் வரைதல்

புள்ளியியல் மென்பொருள்களில் விளக்கப்படம் வரைதல் என்பது அட்டவணையாக உள்ள தரவுகளைப் பட்டை, கோடு, புள்ளி முதலிய வடிவங்களாக மாற்றி, அவற்றின் அச்சு, அளவுகோல், நிறம், எழுத்து ஆகியவற்றைத் தேவைக்கேற்ப அமைக்கும் செயலாகும். இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் கோட்டுப் படங்களையும் பட்டைப் படத்தையும் பயன்படுத்தினார். அவர் தாமே முடிவு செய்தவற்றை இன்று பெரும்பாலும் மென்பொருளின் இயல்பிருப்பு அமைப்புகள், அதாவது பயனர் எதுவும் குறிப்பிடாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகள், முடிவு செய்கின்றன.

மென்பொருள்கள்

எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க், எஸ்பிஎஸ்எஸ், 'ஆர்' ஆகியன பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் 'ஆர்' கட்டற்ற மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகியோர் இதை உருவாக்கினர். இதன் 1.0.0 பதிப்பு பெப்ரவரி 29, 2000 அன்று வெளியானது. ஹேட்லி விக்காம் எழுதிய 'ஜிஜிபிளாட்2' என்னும் நிரல்தொகுப்பு 'ஆர்' பயனரிடையே பெரிதும் வழக்கில் உள்ளது. தரவு, வடிவம், அளவுகோல் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாகச் சேர்க்கும் அதன் முறை, லேலண்ட் வில்கின்சனின் 1999ஆம் ஆண்டு நூலை அடிப்படையாகக் கொண்டது.

அச்சின் தொடக்கம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிவகாசி நகராட்சியின் மக்கள்தொகை 2001இல் 72,170, 2011இல் 71,040. குறைவு 1,130 பேர், அதாவது ஏறத்தாழ 1.6 விழுக்காடு. இவ்விரு எண்களையும் பட்டைகளாக வரையும்போது குத்தச்சு சுழியத்திலிருந்து தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமாகத் தெரியும். அச்சு 70,000இலிருந்து தொடங்கினாலோ இரண்டாம் பட்டை முதலாவதில் பாதியைவிடக் குறைவாகிவிடும். ஊரில் பாதிப்பேர் வெளியேறிவிட்டதாகவே பார்ப்பவர் எண்ணுவார். எண்கள் நெருக்கமாக இருக்கும்போது எக்செல் தானாகவே இவ்வாறு அச்சை வெட்டிவிடும். 'ஆர்' மென்பொருளின் 'பார்பிளாட்' கட்டளை சுழியத்திலிருந்து தொடங்கும். ஆனால் 'பிளாட்' கட்டளை தரவின் வீச்சுக்கு ஏற்ப அச்சைச் சுருக்கும். பட்டையின் நீளமே அளவைக் காட்டுவதால் பட்டைப் படத்தில் சுழியம் கட்டாயம். கோட்டுப் படத்துக்கு அக்கட்டாயம் இல்லை.

இந்த எண்கள் நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோரை மட்டுமே குறிக்கின்றன. அருகிலுள்ள நாரணாபுரம் போன்ற ஊராட்சிகளில் வீடு கட்டிக் குடியேறியோர் இதில் சேரார். 2021இல் சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் இணைக்கப்பட்டு மாநகராட்சி அமைந்தது. எனவே புதிய எண்களை இதே படத்தில் சேர்ப்பவர், எல்லை மாறிய ஆண்டில் செங்குத்தான புள்ளிக்கோடு ஒன்றை இட்டு, காரணத்தை எழுதவேண்டும். 'ஆர்' மென்பொருளில் 'ஏபிலைன்' கட்டளை இதற்கு உதவும்.

மிகைமதிப்புகள்

சில தரவுகளில் ஒரு மதிப்பு மட்டும் மிக உயர்ந்து நிற்கும். செப்டம்பர் 5, 2012 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். விபத்து ஒவ்வொன்றையும் ஒரு பட்டையாக வரைந்தால், ஓரிருவர் இறந்த விபத்துகள் இதன் அருகே கண்ணுக்கே தெரியாமல் போகும். உயர்ந்த பட்டையின் நடுவே வெட்டுக்குறி இட்டுச் சுருக்குவது எளிது, ஆனால் பெரிய விபத்தின் அளவை அது மறைக்கிறது. மடக்கை அளவுகோலும் இங்குப் பொருந்தாது. யாரும் இறக்காத விபத்தின் சுழியத்தை அதில் குறிக்க முடியாது. இறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைத்து, விபத்து நாளுக்கு மேல் அடுக்கிக் காட்டுவதே பொருத்தமானது.

எழுத்தும் அச்சும்

'ஆர்' மென்பொருளின் வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் தமிழ் எழுத்துகள் சரியாக வருவதில்லை. 'கைரோ பிடிஎஃப்' வெளியீட்டைத் தேர்ந்து, தமிழ் ஒருங்குறி எழுத்துரு ஒன்றின் பெயரைக் கொடுத்தால் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமையும்.

பிஎன்ஜி படத்தின் இயல்பிருப்பு அகலம் 480 படவணுக்கள். திரைக்கு இது போதும். அச்சகங்கள் வழக்கமாகக் கேட்கும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் இது 1.6 அங்குலமே வரும். 5 அங்குல அகலப் படத்துக்கு 1,500 படவணுக்கள் வேண்டும். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றால் நிறங்களைக் காட்டுகிறது. சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களிலோ நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு மைகளே பயன்படுகின்றன. திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கும். வழக்கமான பிடிஎஃப் வெளியீட்டில் இந்நான்கு நிற முறையைக் கேட்டுப் பெறலாம். கருப்பு வெள்ளையில் அச்சாகும் ஆய்வேடுகளுக்கு, நிறத்தைவிட அடர்த்தி வேறுபட்ட சாம்பல் பட்டைகளே தெளிவு தரும்.