வெளியூரில் ஓர் ஆட்டம், வீட்டில் ஒரு கவலை

உங்கள் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் ஒருவராவது இருப்பார். ஸ்கோர் கேட்டுக்கொண்டே சாம்பார் சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிற பேர்வழி! அப்படிப்பட்டவரைச் சமாளித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், கல்கத்தாவில் குடித்தனம் நடத்தும் பெண்மணிகளின் பாடு சட்டென்று புரிந்துவிடும். (இப்போது கொல்கத்தா என்கிறார்கள். நம் வாயில் வருவது கல்கத்தாதான்.) அங்கே கிரிக்கெட்டோடு கால்பந்துப் பைத்தியமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளூரில் ஆட்டம் என்றால் ஒரு மாலைப் பொழுதோடு போயிற்று. வெளியூரில் என்றாலோ, ஒரு வாரத்துக்கு வீடே ரெயில்வே ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும்.

அங்கே இரண்டு பெரிய கோஷ்டிகள். ஒன்று, 1889-ல் பிறந்த மோகன் பகான். இன்னொன்று, 1920-ல் பிறந்த ஈஸ்ட் பெங்கால். மேற்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பெரும்பாலும் முதல் கட்சி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் இரண்டாவது கட்சி. இந்தச் சண்டை மைதானத்தோடு நிற்பதில்லை, அடுப்பங்கரை வரை வருகிறது. மோகன் பகான் ஜெயித்தால் அந்த வீடுகளில் இறால் சமைக்க வேண்டும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இல்சா மீன், அதாவது நம் உல்லம். எந்தக் கட்சி ஜெயிக்கிறதோ, மறுநாள் சந்தையில் அந்த மீனுக்கு விலை ஏறிவிடும் என்று சொல்வார்கள். கணவர் ஒரு கட்சி, மனைவி இன்னொரு கட்சி என்று அமைந்துவிட்டால், அன்று இராத்திரி என்ன சமைப்பது என்பதே ஒரு ராஜதந்திரப் பிரச்னை!

வெளியூர் ஆட்டத்தின் தவிப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள 2015-ஆம் வருஷத்தைப் பார்க்கலாம். அப்போது ஐ-லீக் என்பதுதான் நம் நாட்டின் முதல் தரப் பந்தயம். பதினொரு கோஷ்டிகள், ஆளுக்கு இருபது ஆட்டங்கள். மோகன் பகான் கடைசியாக தேசிய லீக்கில் வென்றது 2002-ல். பிறகு பதின்மூன்று வருஷம் வறட்சி. அன்று பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பையன் காலேஜுக்கே போய்விட்டான், கோப்பைதான் வந்தபாடில்லை.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது மோகன் பகானுக்கு 38 புள்ளிகள், பெங்களூரு எப்.ஸி.க்கு 36. வேடிக்கை என்னவென்றால், கடைசி ஆட்டமே இவர்கள் இருவருக்கும்தான். மே 31, ஞாயிற்றுக்கிழமை. இடம் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமமானால் ஒன்று. ஆகவே மோகன் பகானுக்குச் சமம் செய்தாலே போதும், கோப்பை கையில். பெங்களூருக்கோ ஜெயித்தே ஆக வேண்டும்.

“சமம் போதும் என்றால் நிம்மதிதானே?” என்று நீங்கள் கேட்பீர்கள். அதுதான் இல்லை, சகோதரி! பரீட்சையில் “பாஸ் ஆனால் போதும்” என்று நினைத்து எழுதுகிற பையனைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் கை நடுங்குவது போல, முதல் ராங்கு வாங்கப் போகிறவன் கை நடுங்குவதில்லை. கோல் போட முன்னேறுவதா, வருகிற பந்தைத் தடுத்துக்கொண்டே நிற்பதா என்று ஆடுகிறவர்களுக்குத் தடுமாற்றம் வந்துவிடும். கட்டிக் காப்பாற்ற ஏதோ ஒன்று இருக்கிறவனுக்குத்தான் பயம் அதிகம். எதிரியும் சாமான்யமில்லை. பெங்களூரு எப்.ஸி. 2013-ல் பிறந்து, முதல் வருஷமே லீக்கை வென்ற கோஷ்டி. அதில் சுனில் சேத்ரி வேறு இருந்தார்.

சொந்த மண் என்கிற பலம் வெறும் பேச்சல்ல. 2020-ல் கொரோனா காரணமாக ஜெர்மனியில் காலி மைதானங்களில் லீக் ஆட்டங்களை நடத்தினார்கள். கூட்டம் இல்லாமல் போனதும், உள்ளூர்க் கோஷ்டிகள் ஜெயிப்பது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆட்டக்காரனுக்கு மட்டுமல்ல, நடுவருக்கும் காது இருக்கிறதல்லவா? பத்தாயிரம் பேர் ஒரே குரலில் கூச்சல் போட்டால், அவர் மனசும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். இதனால்தான் ரசிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள். தங்கள் பிள்ளைகள் காதில் அந்நியக் குரல் மட்டுமே விழக்கூடாதே என்கிற பரிவு.

கல்கத்தாவிலிருந்து பெங்களூரு கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிலோமீட்டர். ரெயிலில் ஒன்றரை நாள். வங்காளிகள் முக்கிய காரியமாகப் புறப்படும்போது, பெற்றவள் நெற்றியில் தயிரால் ஒரு பொட்டு வைப்பாள். “துர்க்கா, துர்க்கா” என்று முணுமுணுப்பாள். “போகிறேன்” என்று சொல்லவும் கூடாது. நாம் “போய்விட்டு வருகிறேன்” என்கிறோமே, அதேபோல அவர்களும் “வருகிறேன்” என்றுதான் சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள். அந்த ஒரு சொல்லில் தாய்மாரின் கவலை முழுவதும் அடங்கியிருக்கிறது. பிள்ளை எந்த ஊருக்குப் போனால் என்ன, திரும்பி வர வேண்டும்!

இந்தக் கவலைக்குக் காரணமும் உண்டு. 1980-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடியபோது ரசிகர்களிடையே கலவரம் மூண்டது. நெரிசலில் பதினாறு பேர் உயிரிழந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. 2012 டிசம்பரில் இதே இரண்டு கோஷ்டிகளும் ஆடியபோது, கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தைக் காயப்படுத்தியது. உள்ளூரிலேயே இப்படி என்றால், பாஷை தெரியாத ஊரில், எதிர்க்கட்சிக் கூட்டத்தின் நடுவே போய் உட்காருகிறவனைப் பற்றி வீட்டிலிருப்பவளுக்கு வயிறு கலங்காதா? “தோற்றாலும் பரவாயில்லை, சண்டைக்குப் போகாதே” என்று அவள் சொல்வது அவனுக்குத் துரோகமாகப் படும். ஆனால் அதைவிட நல்ல புத்திமதி ஏது?

சரி, ஆட்டம் என்ன ஆயிற்று? 41-ஆவது நிமிஷத்தில் பெங்களூருவின் ஜான் ஜான்ஸன் கோல் போட்டார். உள்ளூர்க் கூட்டம் ஆர்ப்பரித்தது. இடைவேளை வந்தது, போயிற்று. அறுபது நிமிஷம், எழுபது, எண்பது... இன்னும் ஒன்றுக்குப் பூஜ்யம்தான். கல்கத்தாவில் டெலிவிஷன் முன்னால் எத்தனை பேர் எழுந்து கொல்லைப்புறம் போயிருப்பார்களோ! 87-ஆவது நிமிஷத்தில் மோகன் பகானுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஹெய்ட்டி தேசத்து ஸோனி நார்தே பந்தை உதைத்து அனுப்பினார். நைஜீரியா தேசத்து பெல்லோ ரஸாக் எம்பித் தலையால் முட்டினார். கோல்! ஆட்டம் சமம். பதின்மூன்று வருஷக் காத்திருப்பு அந்த ஒரு முட்டலில் முடிந்தது. கோஷ்டி ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் ஜனசமுத்திரம்.

பெங்களூரு ரசிகர்களையும் நாம் மறக்கக்கூடாது. மூன்றே நிமிஷம் தாக்குப்பிடித்திருந்தால் கோப்பை அவர்களுக்கு. ஒரு வீட்டில் இறால் மணக்கும்போது, இன்னொரு வீட்டில் ஆறிப்போன சோறு அப்படியே இருந்திருக்கும். கால்பந்தின் நியாயம் அப்படி.

இப்போது பெண்களும் ஜெர்ஸி அணிந்துகொண்டு மைதானத்துக்குப் போகிறார்கள். கவலைப்பட்டு வாசலில் நின்ற காலம் மெல்ல மாறி வருகிறது. ஆகவே, நாளைக்கு உங்கள் பெண்ணே வந்து, “அம்மா, வெளியூரில் ஆட்டம்” என்று நின்றால் திகைக்காதீர்கள். யாரோடு போகிறாள், எங்கே தங்குகிறாள், எப்போது திரும்புகிறாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வழிக்குப் புளியோதரை கட்டிக் கொடுங்கள். ஜெயித்தால் என்ன சமைக்க வேண்டும் என்று மறக்காமல் கேட்டு வையுங்கள். தோற்றுவிட்டு வந்தால் ஒன்றும் கேட்காதீர்கள். முதலில் சூடாக ஒரு வாய் காப்பி கொடுங்கள்.