குப்புறப் படுத்தால் மூச்சு வருமா?

குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்துவிட்டால் வீட்டில் ஒரே கொண்டாட்டம்தான். அம்மா எல்லாரையும் அழைத்துச் சொல்வார். பாட்டி திருஷ்டி கழிப்பார். அதே வீட்டிற்கு, "அப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம்" என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தால்? "ஐயோ, ஏற்கெனவே மூச்சுத் திணறல், இதில் குப்புற வேறா?" என்று நெஞ்சு பதறும்.

2020 ஜனவரி 25ஆம் நாள் நம் நாட்டின் முதல் மூன்று கோவிட்-19 நோயாளிகள் உறுதி செய்யப்பட்டனர். அவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் வழியாக வந்த சுற்றுப்பயணிகள். அதன் பிறகு அன்றாட அறிவிப்புகளில் "ஐந்தாம் பிரிவு" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகினோம். செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும் நோயாளிகளே அப்பிரிவினர். அவர்களில் பலரைக் குப்புறப் படுக்க வைத்துச் சிகிச்சை அளித்தார்கள். நேரில் போய்ப் பார்க்க முடியாத அந்நாட்களில் குடும்பத்தார் செய்தியைத் தொலைபேசியில்தான் கேட்டனர். ஆங்கிலத்தில் 'புரோன்', மலாயில் 'மெனியாராப்' என்று காதில் விழுந்த சொல்லின் காரணம் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

காரணத்தைப் பார்ப்போம்.

நனைந்த பஞ்சு

பாத்திரம் கழுவும் பஞ்சை நீரில் நனைத்துத் தட்டில் வையுங்கள். நீர் அடியில் தேங்கும். மேல்பகுதியின் எடை அடிப்பகுதியை அழுத்தும். கடும் அழற்சியால் நீர் கோத்த நுரையீரலும் அப்படித்தான். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் அடியில் சிக்கிக் கொள்கிறது. மேலிருந்து இதயம் அழுத்துகிறது. வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தைத் தள்ளுகின்றன. அங்குள்ள காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்கின்றன.

ஆனால், இரத்தம் முதுகுப்பக்கத்திற்கே அதிகமாகப் பாய்கிறது. காற்று இல்லாத இடத்திற்கு இரத்தம் போனால் உயிர்வளி பெறாமல் வெறுங்கையோடுதான் திரும்பும். கருவியின் அழுத்தத்தைக் கூட்டினாலோ, திறந்திருக்கும் சிறு பகுதி அளவுக்கு மீறி விரிந்து புண்ணாகிறது.

"திருப்பிப் போட்டால் முன்பக்கம் நசுங்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்பக்கமே உள்ளது. ஆகவே மூடுவது குறைவு, திறப்பது அதிகம். இதயமும் நெஞ்செலும்பின் மேல் சாய்ந்து கொள்வதால் நுரையீரலின் மேல் அதன் சுமை குறைகிறது. குப்புறப் படுத்த பிறகும் இரத்தம் பெரும்பாலும் முதுகுப்பக்கத்திற்கே பாய்கிறது. இப்போது அங்கே காற்றும் இருக்கிறது! காற்று நுரையீரல் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவுவதால் கருவியால் நேரும் காயமும் குறைகிறது.

இரு ஆய்வுகள் சொல்லும் பாடம்

இது கோவிட் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. பீல், பிரௌன் என்னும் இருவர் ஐந்து நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்தபோது இரத்தத்தில் உயிர்வளி கூடியதை 1976இலேயே எழுதினர். 2001இல் கட்டினோனியும் அவருடைய குழுவினரும் 304 நோயாளிகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். நாளுக்குச் சராசரி ஏழு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். உயிர்வளி கூடியது, இறப்போ குறையவில்லை. முறையே பயனற்றது என்று பலர் எண்ணினர்.

2013இல் குயெரின் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. பிரான்சு, ஸ்பெயின் நாடுகளில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 466 நோயாளிகள். இம்முறை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை மட்டுமே தேர்ந்தெடுத்து, தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்தனர். மல்லாந்து படுத்தோரில் 28 நாட்களுக்குள் 32.8 விழுக்காட்டினர் இறந்தனர். குப்புறப் படுத்தோரில் 16 விழுக்காட்டினர் மட்டுமே. யாருக்கு, எவ்வளவு நேரம் என்பதைச் சரியாகக் கணித்தபோது சிகிச்சை பலித்தது.

கைகளின் வேலை

இதற்கு விலையுயர்ந்த புதிய இயந்திரம் தேவையில்லை. பயிற்சி பெற்ற கைகள் தேவை. ஒருவர் தலைமாட்டில் நின்று, வாயில் செருகிய சுவாசக் குழாய் நழுவாமல் தலையைப் பிடித்துக் கொள்வார். இருபுறமும் தாதியர் நின்று, அவர் எண்ணிச் சொன்னதும் ஒரே நேரத்தில் திருப்புவர். குழாய் வழி உணவை முன்பே நிறுத்துவர். கண்களை மூடிப் பாதுகாப்பர். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் தலையணை வைப்பர். முகத்தைப் பக்கவாட்டில் வைத்து, அவ்வப்போது மறுபக்கம் மாற்றுவர். நோயாளி மயக்க மருந்தில் ஆழ்ந்திருப்பார். காற்று குழாய் வழியே செல்வதால் முகம் தலையணையில் பதிவதால் மூச்சு முட்டாது.

ஆபத்தே இல்லையா? உண்டு. முகம் வீங்கும், நெற்றி, கன்னம், தாடையில் அழுத்தப் புண் வரலாம், குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து. முதுகெலும்பு முறிந்து நிலையற்று இருப்பவர் போன்ற சிலருக்கு இது பொருந்தாது. எனவேதான் மருத்துவர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்து முடிவெடுக்கிறார்.

தலைமாட்டைத் தாழ்த்தாதீர்!

குப்புறப் படுக்கத் தேவையில்லாத பலருக்குத் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பார்கள். இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்காமல் தடுக்கவே இந்த ஏற்பாடு. பார்க்கப் போகும் நாம், "பாவம், நிம்மதியாகப் படுக்கட்டும்" என்று கட்டிலைத் தாழ்த்திவிடக் கூடாது. அன்பினால் செய்தாலும் அது தீங்குதான். சந்தேகம் இருந்தால் தாதியரிடம் கேளுங்கள்.

மாணவ நண்பர்களே, நம்மில் எல்லாரும் மருத்துவர் ஆகப் போவதில்லை. ஆனால், மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும்போது வீட்டில் தொலைபேசியை எடுப்பது பெரும்பாலும் நாம்தான். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வதைக் கேட்டு, அருகில் கண்கலங்கி நிற்கும் பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டியதும் நாம்தான். "முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றுப் போகத்தான் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறார்கள், பாட்டி. மூச்சு குழாய் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது" என்று சொல்லத் தெரிந்தால், அந்த இரவில் அவருக்குப் பாதிப் பயமாவது நீங்கும்.