எல்லை கடந்த உயிரிப் பொருளாதாரம்: கென்ட் – டெர்நியூசன் கால்வாய்ப் பகுதி

புதுப்பிக்கத்தக்க உயிரிமூலங்களிலிருந்து வேதிப்பொருள், எரிபொருள், நெகிழி முதலியவற்றை ஆக்குவது உயிரிப் பொருளாதாரமாகும். ஆய்வகக் குடுவையில் வெற்றிபெறும் நொதித்தல் முறை ஆலையளவில் தோற்பதுண்டு. நொதிகலன் பெரிதாகும்போது உயிர்வளி சீராகப் பரவுவதும் வெப்பம் வெளியேறுவதும் கடினமாவதே காரணம். எனவே இடைநிலைச் சோதனை ஆலை இன்றியமையாதது. அதன் செலவோ சிறு நிறுவனங்களின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

1827இல் திறக்கப்பட்ட கால்வாயால் இணைந்த பெல்ஜியத்தின் கென்டும் நெதர்லாந்தின் டெர்நியூசனும் இச்சுமையைப் பகிர்ந்துகொண்டன. ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவி பெற்ற ‘பயோ பேஸ் யூரோப்’ திட்டத்தில் சோதனை ஆலை கென்டிலும் பயிற்சி மையம் டெர்நியூசனிலும் நிறுவப்பட்டன. 2018இல் இருபுறத் துறைமுகங்களும் ‘நார்த் சீ போர்ட்’ என ஒன்றிணைந்தன.

ஆயினும், பெட்ரோலிய விலை வீழும்போது உயிரிப்பொருள்கள் சந்தையில் பின்தங்குகின்றன. ஆகவே, கட்டமைப்பைப் பகிர்தல் தொடக்கமே. நிலையான தேவையை உருவாக்கும் கூட்டுக் கொள்கையே போட்டித்திறனை உறுதிசெய்யும் என்பது இக்கட்டுரையின் துணிபு.