கரிசல் பார்வை – 14: மணலில் எழுந்த நிழல்

போன வாரம் வைப்பாற்றங்கரையில் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பற்றி எழுதினேன். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு இரவும் பகலும் காவல் இருந்து எடுக்கிற அந்தக் கரி லாரி ஏறி வெளியூர் போய்விடுகிறது. அது போய்ச் சேர்கிற இடங்களில் ஒன்று நகரத்துத் தெருவோர இஸ்திரி வண்டி. சென்னை பெசன்ட் நகரில் நான் குடியிருந்த தெருவில் அப்படி ஒரு வண்டி, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. நிழல் தராத எங்கள் பக்கத்து மரம், ஊருக்கே நிழல் தருகிற மரத்தின் அடியில் தணலாகக் கிடக்கும். இந்த வாரம் அந்த நிழலைப் பற்றி எழுதுகிறேன்.

விளாத்திகுளத்துப் பக்கம் பச்சைக்குக் குறைவில்லை. கண்மாய்க்குள்ளும் தரிசிலும் சீமைக் கருவேலம் பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனால் அதன் அடியில் ஒரு ஆள் துண்டை விரித்துப் படுக்க முடியாது. முள் கிடக்கும், இலை சல்லடையாக இருக்கும், வெயில் அப்படியே இறங்கும். நல்ல நிழலென்றால் ஊர் மந்தையில் ஒரு வேம்பு, பழைய ரோட்டோரத்தில் சில புளியமரம். காட்டில் களை எடுக்கிற பெண்கள் மதியக் கஞ்சிக்கு ஒரு உடைமரத்தைத் தேடி ரெண்டு புஞ்சை தாண்டி நடப்பார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து பெசன்ட் நகருக்குப் போனவனுக்கு, வீட்டு வாசலில் தொடங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் தலையில் வெயில் படாமல் நடப்பது என்பது பெரிய வசதி. அங்கேயே பிறந்தவர்களுக்கு அது கண்ணில் படுவதேயில்லை.

அங்கே மாதங்களை மரங்கள் சொல்லும். மாசி பங்குனியில் தூங்குமூஞ்சி இலை உதிர்க்கும். சித்திரையில் வேப்பம்பூ வாசலில் கிடக்கும். இயல்வாகை மஞ்சளாகவும் மயில்கொன்றை சிவப்பாகவும் ரோட்டை நிறைக்கும். மழைக்காலத்தில் விடியற்காலையில் மரமல்லிப் பூ வாசம் மாடிவரை ஏறும். காலை ஆறு மணிக்கெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் சருகைக் கூட்டி மேடு மேடாகக் குவித்திருப்பார்கள். பூ பூத்த தெரு என்று படம் எடுத்துப் போடுகிறவர்களைவிட, அந்த மரங்களோடு அதிக நேரம் இருப்பவர்கள் அந்தப் பணியாளர்கள். வேலைக்கு நடுவில் அவர்கள் உட்காருகிற இடமும் அந்த நிழல்தான். ஊரூர் குப்பத்திலிருந்து வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், இளநீர் வெட்டுகிறவர் என்று மதியப் பொழுதில் மரத்தடியில் இருக்கிற யாருக்கும் அந்தத் தெருவில் சொந்த வீடு கிடையாது. வீட்டுக்காரர் ஏசி போட்டுக்கொள்வார். மரம் போனால் முதலில் வெந்து போகிறவர்கள் இவர்கள்தான்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் மரங்கள் போவதைக் கண்ணால் பார்த்தேன். சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் விழுந்தன. எங்கள் தெருவில் மறுநாள் நடக்க வழியில்லை. மயில்கொன்றையும் இயல்வாகையும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேம்பும் புங்கனும் பெரும்பாலும் கிளை ஒடிந்ததோடு தப்பின. சாய்ந்த மரங்களின் வேரைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் மழைநீர் வடிகாலின் சுவர், இன்னொரு பக்கம் நடைபாதை, தூரைச் சுற்றி சிமெண்ட். வேர் எங்கே போகும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது, இருந்தால் பெயர்த்தெடுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013லேயே உத்தரவிட்டது. அதன் நியாயம் எல்லா ஊருக்கும் பொருந்தும். மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, இலை விழுகிறது, வேர் காம்பவுண்டைப் பிளக்கிறது என்று வெட்டச் சொல்லி மனு எழுதுகிற வீடுகளும் அங்கே உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா அந்தத் தெருவில் நடந்துவிட்டுச் சொன்னார்: "இது ஆத்துப் பாசன ஊரு மாதிரில்லப்பா இருக்கு. நம்ம கரிசலுக்கு இதெல்லாம் வாய்க்காது." பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இடமும் ஒரு காலத்தில் கடற்கரை மணல்தான். 1936ல் தொடங்கி அடையாறில் பிரம்மஞான சபை வளாகத்தில் இயங்கிவந்த கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியை அதை நிறுவிய ருக்மிணி தேவி 1962ல் திருவான்மியூருக்குக் கொண்டு போனபோது, அங்கே கிடைத்தது ஏறக்குறைய 100 ஏக்கர் வெற்று மணல்வெளி. இன்று அங்கே காணும் ஆலும் அரசும் வேம்பும் வைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. பக்கத்தில் பெசன்ட் நகரை வீட்டு வசதி வாரியம் மனை பிரித்தபோது அவென்யூக்களை அகலமாக விட்டார்கள். அந்த அகலம்தான் பின்னால் மரமாயிற்று.

மண் வேறு என்பது உண்மை. அந்த மணல் மழையைக் குடித்து நிலத்தடியில் சேர்த்துக்கொள்ளும். 2003ல் மழைநீர் சேமிப்பு கட்டாயமான பிறகு அந்தக் கரையில் நிறையக் கிணறுகளுக்கு உயிர் வந்தது. எங்கள் கரிசல் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விரியும்போது இளங்கன்றின் வேர் அறுபட்டுப் போகும். ஆகவே இங்கே மரம் வைக்க வழி வேறு. மூணு அடிக்குக் குறையாமல் குழி எடுத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, வேம்பு, புங்கன், புளி மாதிரி இந்த வெயிலுக்குப் பழகிய கன்றை வைத்து, முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றி, வெடிப்பு விட்டால் மண் போட்டு மூடி மூடாக்குப் பரப்ப வேண்டும். வேம்பு அதற்குப் பிறகு நம்மை எதிர்பார்க்காது.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. கோவில்பட்டி போகிற வழியிலும் விளாத்திகுளத்தைச் சுற்றியும் புஞ்சைகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. கல் ஊன்றி, கொடி கட்டி, ஒரு வளைவு வைத்துவிடுகிறார்கள். 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும் இடம் அதுதான். மனை வாங்கப் போகிறவர்கள் கிழக்குப் பார்த்ததா, மூலை மனையா என்று கேட்கிறார்கள். அந்தப் பூங்கா இடம் எங்கே, அது உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதா, ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் மரம் வைக்க நாலு அடி விட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வீடு கட்டி, சிமெண்ட் ரோடு போட்ட பிறகு கேட்டால் இடம் இருக்காது.

ஏற்கெனவே மனை வாங்கிவிட்டவர்கள் வீடு கட்டும் வரை காத்திருக்க வேண்டாம். முன் எல்லையில் ஒரு வேம்பை இந்த வருஷமே வைக்கலாம். வீடு முடிகிறபோது அதற்கும் நாலைந்து வயதாகியிருக்கும். குழியை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கரிசல் நனைந்துவிட்டால் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு ஒரு கூடை மண்கூட மேலே வராது.

(அடுத்த வாரம்: ஊருணிகள்)