பாலாற்றங்கரைச் சபைகள் – 14: ஏட்டில் ஏறிய பெயர்

“கம்பெனியில சம்பளச் சீட்டுல போடறேனே, அந்தக் கையெழுத்து போதுமா பாஸ்டர்?”

கேட்டவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற செக்‌ஷனில் வேலை பார்க்கும் அம்மா. மாடி வீடு, மேல்தளத்தில் தகரக் கூரை போட்ட கூடம், ஞாயிறு மாலை நாலு மணி. மேசை மேல் கடையில் வாங்கிய நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. முதல் பக்கங்களில் விசுவாச அறிக்கை, அடுத்து உடன்படிக்கை, அதற்குப் பிறகு வரிசை எண் மட்டும் போட்ட வெற்றுக் கோடுகள். “அதே கையெழுத்துதாம்மா வேணும்” என்றார் பாஸ்டர். அந்த அம்மா பேனாவை வாங்கி, கோட்டை விட்டு இறங்காமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தார். பக்கத்தில் நின்ற அவருடைய மாமியார் கட்டைவிரலை மைப்பட்டையில் வைத்தார்.

சில வருடங்களாக வீட்டு ஜெபமாகக் கூடிவந்த கூட்டம் அது. அன்றுதான் முறைப்படி பாப்டிஸ்ட் சபையாக ஸ்தாபிக்கப்பட்டது. சபையின் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் தானே விளங்கும்.

இந்த வட்டாரத்தில் பாப்டிஸ்டுகள் சிறு கூட்டம். வேலூர்ப் பக்கம் ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் பிற்பாடு தென்னிந்திய சபைக்குள் வந்தது. ஆம்பூர்ப் பக்கம் 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மிசௌரி லுத்தரன் மிஷனின் கை ஓங்கியது. கன்கார்டியா பள்ளியும் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் அவர்கள் வைத்தவை. இந்த இரண்டு மரபிலும் புதுச் சபை எழும்பினால் மேலிருந்து ஒப்புதல் வரும். பேராயமோ சினாடோ ஐயரை அனுப்பும், பதிவேட்டையும் அனுப்பும்.

பாப்டிஸ்டுகளுக்கு அப்படி அனுப்ப மேலே ஆள் இல்லை. விசுவாசித்து, தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரே உடன்படிக்கைக்குள் தங்களைக் கட்டிக்கொண்டால் அதுவே சபை. போதகர் வருவதற்கு முன்பும் அது சபைதான், அவர் போன பிறகும் சபைதான். குழந்தை ஞானஸ்நானம் இவர்களிடம் கிடையாது. அதனால் பிறந்த வீட்டை வைத்து யாரும் உறுப்பினர் ஆக முடியாது. ஒவ்வொருவரும் வாய்திறந்து சாட்சி சொல்ல வேண்டும், சபை கேட்டுக் கை தூக்க வேண்டும்.

முழுக்குக்கு ஆறு வேண்டும். பாலாறு இருக்கிறதே என்பீர்கள். மணல்தான் இருக்கிறது. தோல் கழிவு இந்த ஆற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதை 1996-ல் உச்ச நீதிமன்றமே வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் விரிவாக எழுதியிருக்கிறது. ஆகவே மாடியில் சிமெண்ட் தொட்டி. டேங்கர் லாரித் தண்ணீரை இடுப்பளவுக்கு நிரப்பி முழுக்குக் கொடுத்தார்கள்.

ஸ்தாபித நாளின் ஒழுங்கு எளிமையானது. பக்கத்து ஊர்ச் சபைகளிலிருந்து போதகர்கள் சிலர் வந்திருந்தார்கள், அதிகாரம் செலுத்த அல்ல, சாட்சியாக. விசுவாச அறிக்கையை வாசித்தார்கள். போதகரை நிற்கவைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்வி கேட்டார்கள். உடன்படிக்கையை எல்லோரும் எழுந்து நின்று சேர்ந்து வாசித்தார்கள். பிறகு கையெழுத்து. உதவிக்காரர் இருவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அப்பமும் ரசமும் பகிர்ந்து முதல் இராப்போஜனம். பெரும்பாலான நேரம் அந்தக் கையெழுத்துக்கே போயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்தக் காட்சிக்குத் தோல் தொழிலாளர் மத்தியில் ஒரு முன்கதை உண்டு. அதைத் தேடி நாம் ஆந்திரத்தின் ஓங்கோலுக்குப் போக வேண்டும்.

1866-ல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1-ம் தேதி அங்கே சபை ஸ்தாபிக்கப்பட்டது. உறுப்பினர் எட்டே பேர். அந்த நாட்களில் சபையை விதைத்தவர் எர்ரகுண்ட்ல பெரய்யா. தோல் வேலை செய்யும் மாதிகர் சாதிக்காரர், தோல் வாங்கி விற்றவர். மிஷனரிகள் அவரைத் தேடிப் போகவில்லை, அவர்தான் தேடி ஓங்கோலுக்கு நடந்து வந்து ஞானஸ்நானம் பெற்றார். ஊருக்குத் திரும்பி உறவுக்காரர்களிடம் பேசினார். கிராமம் கிராமமாக மாதிகர் வர ஆரம்பித்தார்கள்.

உடனே நெருக்கடி. கிளவின் பள்ளியில் பிராமணப் பிள்ளைகள் படித்தார்கள். மாதிகர் சபையில் சேர்ந்தால் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள் என்று செய்தி வந்தது. கிளவும் அவர் மனைவியும் தனித்தனி அறையில் வேதத்தைத் திறந்தார்கள், இருவர் கண்ணிலும் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் முதல் அதிகாரமே பட்டது என்று மிஷன் வரலாறு சொல்கிறது. எளியவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டதைப் பேசும் பகுதி அது. பள்ளிப் பிள்ளைகள் போனார்கள், மாதிகர் உள்ளே வந்தார்கள். என் பார்வையில் ஓங்கோல் சபை உண்மையாக ஸ்தாபிக்கப்பட்டது அந்த முடிவில்தான்.

கிளவ் அவர்களிடம் கேட்ட ஒழுங்கு மூன்று: ஞாயிறு வேலை செய்யாதே, செத்த மாட்டைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. முதல் விதிதான் பெரிய சண்டையைக் கிளப்பியது. வாரும் செருப்பும் தைத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன், இன்று வரமாட்டேன் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னால் விடுவார்களா? அடி விழுந்தது, கிணறு மறுக்கப்பட்டது. ஆம்பூரில் ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் ஞாயிறு ஓவர்டைமுக்குக் கூப்பிடும்போது, “சபை இருக்குதுண்ணா, வரல” என்று சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்கும் தம்பிக்கு அந்தச் சண்டை புரியும்.

1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளவ் எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தார். பஞ்ச வேலை நடந்த காலத்தில், கூலிக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாதென்று ஞானஸ்நானத்தை நிறுத்திவைத்தார். பிறகு 1878 ஜூலை 3-ம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். எட்டில் ஆரம்பித்த ஏடு பதினோரு வருடத்தில் அங்கே வந்து நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கு வந்த முதல் பாப்டிஸ்ட் மிஷனரிகளில் ஒருவரான வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். ஆம்பூர் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு இதைச் சொன்னபோது, ஒரு பெரியவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சபை எழும்பியாயிற்று. அரசாங்கத்துக்கு அது எப்படித் தெரியும்? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. ஏழு பேர் சேர்ந்து விதிமுறை எழுதிப் பதிவாளரிடம் கொடுத்தால் பதிவாகும். வருடா வருடம் பொதுக்குழு கூடிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு அலுத்துக்கொண்டு பதிவு செய்யாமலே ஓட்டும் சபைகள் நிறைய. விளைவு என்ன தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு சபையில், விசுவாசிகள் மாதச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கொடுத்த காணிக்கையில் வாங்கிய மனை போதகர் பெயரில் இருந்தது. அவர் திடீரென்று காலமானார். மனை அவர் பிள்ளைகளுக்குப் போயிற்று. பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல, பத்திரம் அப்படி இருந்தது.

திருமணம் அடுத்தது. 1872-ம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பிஷப் வழியாகக் குருப்பட்டம் பெற்றவருக்குத் தனி உரிமம் வேண்டாம். பாப்டிஸ்ட் போதகருக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்திவைப்பது குற்றம். கட்டிடம் எழுப்பக் கலெக்டர் அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் தகரக் கூரை.

இனி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டதன் காரணம். தோல் பதனிடும் ஷாப்புகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பட்டியல் சாதி மக்கள். 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றிருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் ஆலயத்துக்குப் போவதையும் கணக்கில் எடுத்துப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது.

அந்த நோட்டில் ஒரு கையெழுத்து, ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் எடுத்துவிடலாம். மேசை முன்னால் நின்ற எல்லோருக்கும் இது தெரியும். அன்று சிலர் பாட்டுப் பாடினார்கள், சாட்சி சொன்னார்கள், கோட்டுக்கு முன்னால் வந்து பேனாவைத் தொடாமல் திரும்பினார்கள். பாஸ்டர் அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடிசை மாறவில்லை, தெரு மாறவில்லை, ஊரார் அழைக்கும் பெயர் மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறுகிறது. இது அநியாயம். தலித் கிறிஸ்தவருக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று 2023 ஏப்ரல் 19-ம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசை வலியுறுத்தியது. முடிவெடுக்க வேண்டியது டெல்லி.

புதுச் சபை கட்டும் போதகமார்களிடம் ஒரு வேண்டுகோள். ஏட்டைத் திறப்பதற்கு முன்னால் அந்த 1950-ம் ஆண்டு ஆணையைச் சபையாருக்குப் படித்துக் காட்டுங்கள். மனை வாங்கும்போது பத்திரம் சபையின் பெயரில் இருக்கட்டும்.

(தொடரும்)