விரல்கணுவும் வாய்ப்பாடும்

கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் பெயரை நம்பி வரும் சிறுவன், பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த விமானங்களுள் இரண்டே நிமிர்ந்து நிற்பதையும், மற்றொன்றுக்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருப்பதையும் கண்டு, மூன்றில் ஒன்று போனால் இரண்டு என்ற கணக்கைக் கல்லிலேயே படித்துவிடலாம். அதற்கு யோசனை வேண்டியதில்லை. எட்டும் ஐந்தும் எத்தனை என்று கேட்கும்போதுதான் விரல்கள் அசையத் தொடங்குகின்றன.

இரண்டாம் வகுப்பில் அக்கேள்வியைக் கேட்டுவிட்டு, விடையைக் காட்டிலும் விடை வரும் வழியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு குழந்தை எட்டு விரல்களை விரித்து, மேலும் ஐந்துக்கு எங்கே போவதென்று தவித்து, பக்கத்துப் பிள்ளையின் கையை இரவல் வாங்கி, ஒன்றிலிருந்து யாவற்றையும் எண்ணிப் பதின்மூன்று என்கிறது; இன்னொன்று எட்டை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு, ஒன்பது, பத்து என்று மேலே செல்கிறது; வேறொன்று ஐந்திலிருந்து இரண்டை எடுத்து எட்டைப் பத்தாக்கி, மீதி மூன்றைச் சேர்க்கிறது; நான்காவதோ கேள்வி முடியுமுன்னே சொல்லிவிடுகிறது. விடைத்தாளில் நால்வருக்கும் ஒரே மதிப்பெண்தான். ஆனால் நாளை 43-இலிருந்து 27-ஐக் கடன் வாங்கிக் கழிக்க நேரும்போது, முதற் குழந்தையின் சிரத்தை முழுவதும் விரல்களிலேயே செலவாகி, கடன் வாங்கிய சங்கதியே மறந்துபோகும்.

விரல் விடாமல் சட்டென்று விடை சொல்லும் அப்பியாசத்தின் அவசியத்தை நம் திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 320-இல் ஒரு பங்கான முந்திரி முதல் காணி, மா, அரைக்கால் வரை கீழ்வாயிலக்கத்தையும், நெல் அளவைகளின் வாய்ப்பாடான நெல்லிலக்கத்தையும், பெருக்கல் வாய்ப்பாடான எண்சுவடியையும் பிள்ளைகள் மனனம் செய்தார்கள். சட்டாம்பிள்ளை ஒவ்வொருவரிடமும் பாடம் கேட்டான். சிறுவரே சிறுவருக்குப் போதிக்கும் இம்முறையைச் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் கையாண்ட ஆண்ட்ரூ பெல் பாதிரியார், 1797-இல் லண்டனில் அதைக் குறித்து நூலே வெளியிட்டார். தனித்தனியே கேட்டது அம்முறையின் பலம். கூட்டமாக ஒப்பித்த வேளையில், தெரியாதவன் குரலும் தெரிந்தவன் குரலோடு கலந்து தப்பித்துக்கொண்டது அதன் பலவீனம்.

2022 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொற்றுநோய்க் காலத்தில் பள்ளியை இழந்த ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலையிலிருந்தே கற்பிக்கப் புகுந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பெயர்கள் அழகானவை, எந்தக் குழந்தையையும் மக்கு என்று சொல்லாதவை. மதிப்பீடுகள் கைப்பேசிச் செயலி வழியே பதிவாகின்றன. இவ்வேலை போதிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ‘மொட்டு’ என்ற ஒரு சொல் மேலதிகாரிக்குப் போதுமானதாயிருக்கலாம். மறுநாள் எந்தக் கணக்கைக் கேட்பது என்பதை அது ஆசிரியருக்குச் சொல்லுவதில்லை.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டே போதும் என்பது என் அபிப்பிராயம். பெருக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு பெருக்கல்கள் என்று மலைக்க வேண்டாம். ஆறேழும் ஏழாறும் ஒன்றே என்றறிந்த குழந்தைக்கு அவை 55 ஆகச் சுருங்கும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகிய சுலபமான வாய்ப்பாடுகளில் அடங்குபவற்றை நீக்கினால் நிற்பவை 21. பிள்ளைக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 21 கட்டம்: எண்ணிச் சொன்னானா, வேறொன்றிலிருந்து யூகித்துச் சொன்னானா, சட்டென்று சொன்னானா என்பதற்கு மூன்று குறிகள். கடிகாரத்தை எதிரில் வைத்து மிரட்ட வேண்டியதில்லை. பயந்த பிள்ளைக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். சட்டென்று வந்த விடையையும் சில வாரங்கள் கழித்து மீண்டும் கேட்கவேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறில் மட்டும் இடறுகிறவனைக் காலையில் வருகைப் பதிவின்போது அதை மட்டும் கேட்கலாம். அவனை இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து மறுபடி ஒப்பிக்கச் சொல்வது வீண் தண்டனை.