சேலையில் சேராத சாயம்

புதுச் சேலையை முதல் தடவை தனியாக நனைக்க வேண்டும் என்பது வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். வாளித் தண்ணீரில் ஒரு பிடி கல் உப்பைப் போட்டு முக்கினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சிவக்கும். அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, 'சாயம் போகிற சேலையைத் தலையில் கட்டிவிட்டான்' என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் நம் வாளிக்கு வந்தது மிச்சம் மீதிதான். தறியேறும் முன்பே அந்த நூலைப் பட்டறையில் பல தண்ணீர் அலசியிருப்பார்கள். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது?

இந்தக் கேள்வியை இளம்பிள்ளையில் கேட்பதுதான் பொருத்தம். சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரின் பெயரே இன்று ஒரு சேலை ரகத்தின் பெயராகிவிட்டது. அன்று கைத்தறி. விடியற்காலையில் பாவடியில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். ஒரு சேலைக்கு நாள் கணக்கில் உழைப்பு. சாயத் தண்ணீரும் அந்த வேகத்தில்தான் வெளியேறும். இன்று விசைத்தறியும் ஜக்கார்டும் இரவு பகலாக ஓடுகின்றன. கடைக்காரர் சேலையை விரித்துக் கைப்பேசியில் படம் எடுத்தால் போதும், வெளிமாநிலத்திலிருந்தும் ஆர்டர் வருகிறது. தறியின் வேகம் கூடியபோது சாயத் தொட்டியின் வேகமும் கூடியது. தண்ணீர் போகும் வாய்க்கால் மட்டும் பழைய வாய்க்காலே.

சாயத் தொட்டியைக் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். நூல் சிட்டங்களைக் கோலில் கோர்த்து, சூடான சாயத்தில் முக்கி முக்கித் திருப்புவார்கள். பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். கொஞ்சமல்ல, மூட்டைக் கணக்கில். சாயத்தில் பெரும்பகுதி நூலில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. போட்ட உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியேறும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் நிறம் அடங்கித் தண்ணீர் தெளிந்துவிடும். ஆனால் தெளிந்த தண்ணீரிலும் உப்பு அப்படியே இருக்கும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக் கூடாது என்கிறது விதி. கண்ணால் பார்ப்பவருக்கு அது தெரியாது. வாய்க்கால் கரையில் வெள்ளை பூத்துக் கிடக்கும் மண்ணும், குருத்து கருகும் தென்னையும் சொல்லும்.

அன்று கிணறு கெட்டவர் என்ன செய்தார்? மனு எழுதினார். 1974-லேயே தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் அமைந்தது. குறிப்பிட்ட ஆறுகள், ஓடைகள், அணைகளின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் ஆலைகள் வரக் கூடாது என்று 1989 மார்ச் 30-ல் மாநில அரசு ஆணையும் போட்டது. காகிதத்துக்குக் குறைவில்லை. ஆனால் எந்தத் தொட்டித் தண்ணீர் எந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று காட்ட வேண்டிய பாரம், நடைமுறையில், கிணற்றுக்காரர் தலையில்தான் இருந்தது. மண்ணுக்கு அடியில் நடப்பதை அவர் எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பார்?

அதைத் திருப்பிப் போட்டது பாலாற்றங்கரை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பாழானது என்ற ஆய்வு விவரம் நீதிமன்றத்தின் முன் இருந்தது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கேடு வருமுன் காக்க வேண்டும். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருக்கே. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வந்ததும் இந்தத் தீர்ப்பால்தான்.

அடுத்தது நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயக் கழிவு வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத முறைக்கு மாறச் சொன்னது. அதுவரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதக் கெடு கொடுத்தது. கெடு தாண்டியது. 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவு வந்தது. அந்த ஆண்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் தந்த பிறகே திருப்பூரின் தொட்டிகள் மறுபடி கொதித்தன.

இன்று சேலம் எங்கே நிற்கிறது? நாட்டில் 351 ஆற்றுப் பகுதிகள் மாசடைந்தவை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் பட்டியலிட்டது. அதுபற்றி வந்த பத்திரிகைச் செய்தியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்து, மாநிலங்களிடம் செயல்திட்டம் கேட்டது. பட்டியலில் தமிழ்நாட்டுக்கு ஆறு இடங்கள். அவற்றில் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி மூன்றும் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை. மூன்றும் அந்தப் பட்டியலில் மிக மோசமான முதல் வரிசையில் இருந்தன. உயிரிவேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த வரிசை. குளிக்கத் தகுந்த தண்ணீரில் அது 3-க்குள் இருக்க வேண்டும். பழி முழுவதையும் சாயப்பட்டறை மேல் போடுவது நியாயமில்லை. நகரச் சாக்கடைக்கும் ஜவ்வரிசி ஆலைக் கழிவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அமாவாசைக்கு அமாவாசை, நோய் தீர வேண்டிக் கஞ்சமலை சித்தர் கோயிலில் தலை முழுகும் மாவட்டத்தில்தான் ஆறுகளின் கதை இப்படி.

இனி பாலாற்று வழக்கின் மறுபாதி. பாதிக்கப்பட்ட 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று அதற்கான ஆணையம் 2001-ல் கணக்கிட்டது. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கியை ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. வழக்குப் போட்ட நாளிலிருந்து 34 ஆண்டுகள். அன்று கிணற்றுக்காரர் சாட்சி தேடி அலைந்தார். இன்று தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

இளம்பிள்ளைக்கு இதில் தனியாக ஒரு பாடம் இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். சரி, கெடுத்தவர் யார்? தொட்டி வைத்திருப்பவர் பெரும்பாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சாயம் போடுபவர். நூல் வேறொருவருடையது, சேலை வேறொருவருடையது, லாபமும் வேறிடத்தில். அதிகாரிகள் வந்து இடிப்பது அவர் தொட்டியை மட்டும்தான். இடித்த தொட்டி இன்னொரு ஏரிக்கரையில் முளைக்காது என்று யார் உறுதி சொல்வது? தனி ஆளாக அவர் சுத்திகரிப்பு நிலையம் கட்டவும் முடியாது.

நொய்யல் கணக்கையே இங்கே போட்டுப் பார்ப்போம். கிலோ நூலுக்கு நூறு லிட்டர் கழிவு, சேலை அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 10 பைசா வீதம் ஒரு சேலைக்கு 5 ரூபாய். அது அபராதக் கணக்கு. சுத்திகரிப்புச் செலவு வேறாக இருக்கலாம். ஆனாலும் சேலை விலையில் தாங்கக்கூடிய அளவு எது என்று அது காட்டுகிறது. பட்டறைக்காரரும் தறிக்காரரும் மொத்த வியாபாரியும் கூடி, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கான பங்கைச் சேலை விலையிலேயே சேர்க்கட்டும். பேரம் பேசும் நாமும் அந்த ஐந்து ரூபாயைக் குறைக்கச் சொல்லாமல் இருப்போம்.